பெயரும் பொருளும்: பகுப்பாய்வு மெய்யியலின் வழங்கு வரலாற்றுக்கு ஒரு மறுப்பு

பகுப்பாய்வு மெய்யியலின் தோற்றத்தைக் கூறும் அறிமுக நூல்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் கூறுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டானியப் பல்கலைக்கழகங்களை ஹெகல் வழிவந்த கருத்துமுதல்வாதம் ஆட்கொண்டிருந்தது. கேம்பிரிட்ஜில் ஜி. ஈ. மூர், பெர்ட்ரண்ட் ரசல் என்னும் இரு இளைஞர்கள் அதற்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். குழப்பம் நீங்கித் தெளிவு பிறந்தது. பின்னர் விட்கென்ஸ்டைன் வந்தார். வியன்னாவில் சிலர் கூடினர். ஆக்ஸ்போர்டு அன்றாட மொழியை ஆராய்ந்தது. இறுதியில் எல்லாம் அமெரிக்காவைச் சென்றடைந்தது. இக்கதைக்கு ஏற்ப 'ஆங்கிலோ-அமெரிக்க மெய்யியல்' என்னும் பெயரும் அம்மரபுக்கு நிலைபெற்றுவிட்டது. கடலின் மறுகரையில் இருப்பது 'ஐரோப்பிய மெய்யியல்'. இக்கரையில் இருப்பது ஆங்கிலேயரின் இயல்பான நிதானத்தில் விளைந்தது என்பது அப்பெயரின் உட்கிடை.

இக்கதை இடத்தில் தவறு, காலத்தில் தவறு, எல்லாவற்றிற்கும் மேலாகக் காரணத்தில் தவறு. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி 'இது எதைச் சுட்டுகிறது?' என்று வினவுவதையே தன் தொழிலாக அறிவித்துக்கொண்ட ஒரு மரபு, தன் பெயர் எதைச் சுட்டுகிறது என்று நெடுங்காலம் வினவவில்லை. தமிழாய்வுலகுக்கு இது அயலார் வீட்டுப் பூசல் அன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அமைந்த அளவையியல் பகுதிக்கு மூலம் எது என்று கேளாமல் அந்நூலின் காலத்தைப் பேசத் தமிழ் ஆய்வாளர் துணிவதில்லை. ஒரு பாடவேறுபாட்டுக்குக்கூட ஏட்டுச் சான்று கேட்கும் அத்துறை, மேலைநாட்டிலிருந்து வரும் ஒரு மெய்யியல் மரபின் குலவரலாற்றை மட்டும் சான்று கேளாமல் ஏற்பது முறையாகாது.

யேனாவும் கிராட்சும்

முதலில் இடத்தைக் காண்போம். புதிய தருக்கவியலைத் தோற்றுவித்த நூல் கேம்பிரிட்ஜில் எழுதப்படவில்லை. அது 1879இல் வெளிவந்தது. எழுதியவர் யேனாப் பல்கலைக்கழகக் கணித ஆசிரியர் கோட்லாப் ஃபிரேகே. எண்ணின் இயல்பு பற்றிய அவருடைய நூல் 1884இலும், சொல்லின் கருத்துப்பொருளையும் சுட்டுப்பொருளையும் வேறுபடுத்திய கட்டுரை 1892இலும் வெளிவந்தன. 'விடிவெள்ளி', 'அந்திவெள்ளி' ஆகிய இரு பெயர்களும் ஒரே கோளைச் சுட்டினும் ஒரே கருத்தைத் தருவதில்லை என்னும் அவருடைய எடுத்துக்காட்டு, இன்றும் மொழி மெய்யியல் வகுப்பின் முதற்பாடமாக இருந்துவருகிறது. அவருக்கும் முன்னர், 1837இல், பிராகில் வாழ்ந்த பெர்னார்ட் போல்சானோ கூற்றின் பொருளை அதை எண்ணும் மனத்திலிருந்து பிரித்து ஆராய்ந்திருந்தார்.

வியன்னாவில் கற்பித்த பிரான்ஸ் பிரெண்டானோ 1874இல் வெளியிட்ட உளவியல் நூலிலிருந்து மற்றொரு கிளை தோன்றுகிறது. அவருடைய மாணவர் மைனாங் கிராட்சிலும், மற்றொரு மாணவர் ட்வர்டோவ்ஸ்கி 1895 முதல் லுவோவிலும் கற்பித்தனர். இவர்களுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் தொடர்பில்லை என எவரும் கூறவியலாது. மூருக்கும் ரசலுக்கும் ஆசிரியராக விளங்கிய ஜி. எஃப். ஸ்டவுட், பிரெண்டானோ வழியினரைப் பயின்று 1896இல் 'பகுப்பாய்வு உளவியல்' என்றே ஒரு நூல் எழுதினார். 'மைண்ட்' இதழின் ஆசிரியராக 1891 முதல் 1920 வரை இருந்தவரும் அவரே. மூர் 1903இல் பிரெண்டானோவின் அறவியல் நூலுக்கு மதிப்புரை எழுதினார். தம் கருத்துகளோடு மிகவும் ஒத்துப்போகும் அறவியலார் அவரே என்று தம் 'பிரின்சிப்பியா எத்திகா' முன்னுரையில் ஒப்புக்கொண்டார். ரசல் 1904இல் மைனாங் பற்றி 'மைண்ட்' இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார்.

கேம்பிரிட்ஜின் தனிப்பெருஞ் சாதனை எனப்படும் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையையே எடுத்துக்கொள்ளலாம். ஃபிராங்க் ராம்சி அதை மெய்யியலுக்கே முன்மாதிரி எனப் போற்றினார், அப்போற்றுதலில் மிகையில்லை. ரசலின் சிக்கல் இதுதான்: பிரான்சில் இப்போது அரசர் இல்லை, ஆயினும் 'பிரான்சின் இப்போதைய அரசர் வழுக்கைத் தலையர்' என்னும் தொடர் பொருள் தருகிறது. இல்லாத ஒருவரைப் பற்றி எப்படிப் பொருளுடன் பேச முடிகிறது? மைனாங்கின் விடை, இல்லாத பொருள்களுக்கும் பொருள் என்னும் தகுதி உண்டு என்பது. ஃபிரேகேயின் விடை, அத்தொடருக்குக் கருத்துப்பொருள் உண்டு, சுட்டுப்பொருள் இல்லை என்பது. ரசல் இரண்டையும் மறுத்தார். எழுவாய் போலத் தோன்றும் அத்தொடர் உண்மையில் எழுவாயே அன்று. 'பிரான்சின் இப்போதைய அரசராக ஒருவர் உளர். அவரன்றி அத்தகுதி உடையார் பிறர் இலர். அவர் வழுக்கைத் தலையர்' என்னும் மூன்று கூற்றுகள் அதில் மறைந்துள்ளன. அவற்றுள் முதற்கூற்றே பொய்யாதலால் முழுத்தொடரும் பொய் என்று அவர் காட்டினார். இலக்கண வடிவம் வேறு, தருக்க வடிவம் வேறு என்னும் இந்த உணர்வே அதன்பின் வந்த ஆய்வுகளுக்கெல்லாம் கருவியாயிற்று. ஆயின் இக்கட்டுரை எவரோடு வாதிடுகிறது? கிராட்சோடும் யேனாவோடும். இரண்டு ஜெர்மன் மொழி ஆசிரியர்களுக்கு எழுதப்பட்ட மறுப்பை ஆங்கில மண்ணில் தானாக முளைத்த செடியாகக் காட்டுவது எவ்வகை வரலாறு?

ரசலே இதை மறைத்தவரல்லர். ஃபிரேகேயின் அமைப்பில் தாம் கண்ட முரண்பாட்டை 1902 ஜூன் மாதம் அவருக்கு ஜெர்மன் மொழியிலேயே கடிதமாக எழுதினார். அப்போது அச்சிலிருந்த தம் பெருநூலின் இரண்டாம் தொகுதிக்கு ஃபிரேகே ஒரு பின்னுரை சேர்த்து, அடித்தளம் ஆட்டங்கண்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மறைத்தவர்கள் பின்வந்த பாடநூலாசிரியர்களே. ஃபிரேகேயின் எண் பற்றிய நூல் ஜே. எல். ஆஸ்டினின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்தது 1950இல்தான். அவருடைய கையெழுத்துப்படிகள் மியூன்ஸ்டர் நகரில் இருந்தன; 1945 மார்ச் மாத விமானக் குண்டுவீச்சில் அவை அழிந்தன எனக் கருதப்படுகிறது. ஹைன்ரிஹ் ஷோல்ஸ் முன்னரே எடுக்கச் செய்திருந்த படிகளில் எஞ்சியவையே 1969இல் ஜெர்மனிலும் 1979இல் ஆங்கிலத்திலும் நூலாயின. மூல ஏடு எரிந்து படியால் மட்டும் பிழைத்த நூல்களின் வரலாறு தமிழ்ப் பதிப்பாசிரியர்க்குப் புதிதன்று.

பெயரின் வரலாறோ இன்னும் வியப்பானது. 'பகுப்பாய்வு மெய்யியல்' என்னும் தொடரை அமெரிக்க வாசகரிடையே பரப்பியவற்றுள் முதன்மையானது எர்னஸ்ட் நேகல் 1936இல் எழுதிய இருபகுதிக் கட்டுரை. ஐரோப்பாவில் ஓராண்டு சுற்றித் திரும்பியபின் அவர் அதை எழுதினார். அக்கட்டுரை அப்பெயரால் குறித்த இடங்கள் கேம்பிரிட்ஜ், வியன்னா, பிராக், வார்சா, லுவோவ். ஐந்தில் ஒன்றே ஆங்கில நாட்டினது. மைக்கேல் டம்மெட் பிற்காலத்தில் இம்மரபை 'ஆங்கிலோ-அமெரிக்க' என்பதைவிட 'ஆங்கிலோ-ஆஸ்திரிய' என்பதே பொருந்தும் என்றார். பாராட்டத்தக்க திருத்தம், ஆயினும் அரைத் திருத்தம். சிந்தனையை மொழியின் வழியாகவே விளக்க முடியும் என்னும் கொள்கையை அவர் அம்மரபின் இலக்கணமாக்கினார். அவ்விலக்கணத்தின்படி பார்த்தால் கேரத் எவன்ஸ் பகுப்பாய்வு மெய்யியலார் ஆகமாட்டார் என்பதை டம்மெட்டே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இலக்கியங் கண்டதற்கு இலக்கணம் இயம்பும் மரபில் வந்தவர்க்கு இங்கே எது திருத்தப்பட வேண்டியது என்பது தெரியும்.

வாதம் வென்றதா?

அடுத்துக் காரணம். கருத்துமுதல்வாதம் வாதத்தால் வீழ்த்தப்பட்டது என்பதே வழங்கு கதையின் உயிர்நாடி. அதற்குக் காட்டப்படும் முதற்சான்று மூர் 1903இல் 'மைண்ட்' இதழில் எழுதிய 'கருத்துமுதல்வாத மறுப்பு'. அக்கட்டுரையைப் பற்றி மூர் என்ன கருதினார்? 1922இல் தம் கட்டுரைகளைத் தொகுத்தபோது எழுதிய முன்னுரையில், அது மிகவும் குழம்பியிருப்பதாகவும் வெளிப்படையான பிழைகள் பலவற்றைக் கொண்டிருப்பதாகவும் அவரே எழுதிவிட்டார். எழுதியவரே கைவிட்ட மறுப்பைக் கொண்டு ஒரு யுகம் முடிந்தது என்று பாடநூல்கள் தொடர்ந்து கற்பிக்கின்றன.

கருத்துமுதல்வாதமோ 1903இல் முடியவில்லை. ஆக்ஸ்போர்டில் தருக்கவியலுக்கான வைக்கம் பேராசிரியர் பதவியில் 1919 முதல் 1935 வரை அமர்ந்திருந்தவர் கருத்துமுதல்வாதியான எச். எச். ஜோக்கிம். மெய்யியலுக்கான வேன்ஃபிளீட் பதவியில் 1910 முதல் 1935 வரை ஜே. ஏ. ஸ்மித், அவருக்குப்பின் 1941 வரை ஆர். ஜி. காலிங்வுட். அவ்விருக்கையில் கில்பர்ட் ரைல் அமர்ந்தது 1945இல்தான். இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் நிகழ்ந்தவை வாதங்கள் மட்டுமல்ல. முதல் உலகப் போரில் லண்டன்மீது ஜெர்மன் வானூர்திகள் குண்டு வீசியபோது, வீட்டுத் தோட்டத்தில் ஹெகலைப் படித்துக்கொண்டிருந்த எல். டி. ஹாப்ஹவுஸ், அக்குண்டுகளில் தாம் படித்துக்கொண்டிருந்த கோட்பாட்டின் விளைவையே கண்டதாக 1918இல் தம் நூலின் முகப்பில் எழுதினார். ஹாப்ஹவுஸ் பகுப்பாய்வாளர் அல்லர். ஆனால் ஹெகல் என்னும் பெயருக்கு இங்கிலாந்தில் என்ன நேர்ந்தது என்பதற்கு அவ்வோர் இடம் போதும். முதியவர் ஓய்வு பெற்றனர்; சிலர் இறந்தனர்; இருக்கைகள் காலியாயின.

அவ்விருக்கைகள் யாரால் நிரப்பப்பட்டன என்பது வரலாற்று வினா. ரைல் 1947 முதல் 1971 வரை 'மைண்ட்' இதழின் ஆசிரியராக இருந்தார். இருபத்துநான்கு ஆண்டுகள்! போருக்குப்பின் ஆக்ஸ்போர்டு தொடங்கிய பி.ஃபில். பட்டத்தின் உருவாக்கத்திலும் அவர் பங்கு பெரிது. அப்பட்டம் பெற்றவர்கள் காமன்வெல்த் நாடுகளின் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களாயினர். ரைல் சிறந்த ஆசிரியர், 1949இல் வந்த அவருடைய 'மனம் என்னும் கருத்து' சிறந்த நூல் என்பவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1959இல் எர்னஸ்ட் கெல்னர் அன்றாட மொழி மெய்யியலைத் தாக்கிச் 'சொற்களும் பொருள்களும்' என்னும் நூலை வெளியிட்டபோது, அதற்கு மதிப்புரை வெளியிட ரைல் மறுத்துவிட்டார். நூல் பழிதூற்றுவது என்பது அவர் காட்டிய காரணம். 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு அதைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர் யார்? அந்நூலுக்கு முன்னுரை வழங்கியிருந்த பெர்ட்ரண்ட் ரசல். மரபின் தந்தை எனப் போற்றப்படுபவரே, மரபின் இதழ் வாதத்துக்குக் கதவடைத்தது என்று முறையிட நேர்ந்தது. அந்நூல் நேர்மையற்ற இடங்களும் கேலி மிகுந்த இடங்களும் உடையதுதான். அதை மறுத்துரைப்பது எளிது. மறுத்துரைக்காமல் திருப்பியனுப்பியதுதான் ஈண்டுக் கருதத்தக்கது.

கப்பலேறிய மெய்யியல்

இனி அமெரிக்கா. இம்மரபு ஆங்கிலம் பேசத் தொடங்கியதற்கு முதற்காரணம் ஆங்கிலத்தின் தெளிவு அன்று, ஹிட்லர்.

வியன்னா வட்டம் மோரிட்ஸ் ஷ்லிக் அங்குப் பேராசிரியராக வந்த 1922க்குப் பின் உருப்பெற்றது. 1929இல் அது வெளியிட்ட அறிக்கையை, அறிவியலைத் தவிர மற்றெல்லாம் வெற்றுரை என்று கூறும் வறட்டு ஆவணமாகவே மாணவர் அறிவர். அவ்வறிக்கையில் கல்வி, பொருளாதார வாழ்வு, சமுதாயச் சீரமைப்பு ஆகியவை பேசப்படுகின்றன. அதை உருவாக்கிய ஓட்டோ நொய்ராத் 1919இல் பவேரிய சோவியத் குடியரசின் காலத்தில் பொருளாதாரத் திட்டமிடலுக்குப் பொறுப்பேற்றுச் சிறைப்பட்டவர். வியன்னாவில் சமுதாய, பொருளாதார அருங்காட்சியகம் நிறுவி, எழுத்தறியாத் தொழிலாளரும் புள்ளிவிவரம் படிக்கும் பொருட்டுப் பட எழுத்துமுறை ஒன்றை வகுத்தவர். இயல்கடந்த மெய்யியலை அவர்கள் எதிர்த்தது வெறும் தருக்கவியல் தூய்மைக்காக மட்டுமன்று. அன்றைய வியன்னாவில் இனம், மண், ஆவி ஆகிய சொற்களைக் கொண்டு அரசியல் செய்தவர்கள் தெருவில் இருந்தார்கள். 'இச்சொல்லுக்குச் சரிபார்க்கத்தக்க பொருள் உண்டா?' என்னும் வினா அங்குப் பாதுகாப்பான வினாவாக இல்லை.

1934 பிப்ரவரியில் சமூக சனநாயகக் கட்சி ஒடுக்கப்பட்டபின் வட்டத்தின் பொது அமைப்பான எர்ன்ஸ்ட் மாக் கழகம் கலைக்கப்பட்டது. நொய்ராத் ஹேக் நகருக்கு ஓடினார். 1940இல் அங்கிருந்தும் ஒரு சிறு படகில் தப்பி இங்கிலாந்து சேர்ந்தார். ஷ்லிக் 1936 ஜூன் 22ஆம் நாள் பல்கலைக்கழகப் படிக்கட்டில் தம் முன்னாள் மாணவர் ஒருவரால் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையாளியின் நோக்கம் தனிப்பட்ட பகையே எனினும், யூதரல்லாத ஷ்லிக்கை யூதர்களின் மெய்யியலார் எனச் சித்திரித்துக் கொலைக்கு நியாயம் தேடிய எழுத்துகள் அச்சாயின. 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபின் கொலையாளி விடுதலையானார். ருடால்ஃப் கார்னாப் 1935இன் இறுதியில் அமெரிக்கா புறப்பட்டார். பெர்லினில் 1933இல் பதவி பறிக்கப்பட்ட ஹான்ஸ் ரைஹென்பாக், இஸ்தான்புல் வழியாக 1938இல் கலிபோர்னியா சேர்ந்தார். போலந்தின் ஆல்ஃபிரட் தார்ஸ்கி 1939 ஆகஸ்டில் ஹார்வர்டு மாநாட்டுக்காகக் கப்பலேறினார். அவர் அமெரிக்காவில் இருக்கையில் போர் மூண்டது. மனைவியும் குழந்தைகளும் போலந்தில். அவர்களை மீண்டும் காண அவருக்குப் போர் முடிய வேண்டியிருந்தது.

கப்பலேறாதவர்களும் உண்டு. யானினா ஹொசியாசன்-லிண்டன்பாம் கருதுகோள்களுக்குச் சான்றுகள் எவ்வாறு வலிமை சேர்க்கின்றன என்பதை ஆராய்ந்தவர். அவருடைய ஆங்கிலக் கட்டுரை 1940இல் 'குறியீட்டுத் தருக்கவியல் இதழில்' வெளிவந்தது. அவர் கணவர் அடோல்ஃப் லிண்டன்பாமும் தருக்கவியலார், 1941இல் கொல்லப்பட்டார். அவரும் 1942இல் வில்னாவில் கொல்லப்பட்டார். பகுப்பாய்வு மெய்யியல் 'ஆங்கிலம் பேசும் உலகின்' மரபு என்று இயல்பாக எழுதிச் செல்பவர், அது ஏன் ஆங்கிலம் மட்டும் பேசுவதாயிற்று என்பதற்கு இவ்விருவரின் பெயர்களையும் விடையாகச் சேர்த்தெழுத வேண்டும்.

அமெரிக்காவின் தலைசிறந்த பகுப்பாய்வாளர் எனப்படும் குவைன்கூட அமெரிக்க மண்ணிலேயே முழுதும் உருவானவரல்லர். அவர் 1932-33இல் வியன்னா, பிராக், வார்சா நகரங்களுக்குச் சென்று, பிராகில் கார்னாப்பிடம் பாடங்கேட்டுத் திரும்பியவர். 1951இல் கருத்தாலேயே உண்மையாகும் கூற்று, அனுபவத்தால் உண்மையாகும் கூற்று என்னும் பாகுபாட்டை அவர் தகர்த்தபோது, தகர்க்கப்பட்டது தம் ஆசிரியரின் வீடு.

அமெரிக்கா சேர்ந்தபின் வட்டத்தின் அரசியல் என்னவாயிற்று? ஜார்ஜ் ரைஷ் 2005இல் வெளியிட்ட ஆய்வு, பனிப்போர்க் காலத்தில் அறிவியல் மெய்யியல் தன் சமுதாய நோக்கை எவ்வாறு உதிர்த்தது என்பதை ஆவணங்களோடு காட்டுகிறது. கார்னாப், பிலிப் ஃபிராங்க் ஆகியோர்மீது அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை கோப்புகள் வைத்திருந்தது. ஜான் மெக்கம்பர் 2001இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, மெக்கார்த்தி கால அச்சமே அமெரிக்காவில் பகுப்பாய்வு முறைக்கு ஆட்சி தந்தது என்றார். அது மிகை. அச்சம் ஒரு துறையைப் பேசாமடந்தையாக்கலாம். குவைனின் கட்டுரையை எழுதித்தராது. ஆயினும் ரைஷ் காட்டும் சான்றுகளைப் படித்தபின், அரசியலற்ற தூய தருக்கம் என்பது அம்மரபின் பிறவிக்குணம் என்று கூற எவர்க்கும் உரிமையில்லை. அது வழியில் இழந்தது.

இழந்தவற்றுள் மனிதரும் உளர். சூசன் ஸ்டெபிங் 1930இல் புதிய தருக்கவியலை ஆங்கில மாணவர்க்கு அறிமுகம் செய்தார். 1933இல் பிரிட்டனின் முதல் பெண் மெய்யியல் பேராசிரியரானார். அதே ஆண்டு 'அனாலிசிஸ்' இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவராக இருந்தார். 1934இல் கார்னாப்பை லண்டனுக்கு அழைத்து உரையாற்றச் செய்தார். வியன்னாவை இங்கிலாந்துக்குக் கொணர்ந்தவர் யார் என்று கேட்டால் பாடநூல்கள் தரும் விடையோ ஏ. ஜே. அயர், ரைலின் அறிவுரைப்படி வியன்னா சென்று வந்து, 1936இல் இருபத்தைந்து வயதில் நூல் எழுதியவர். அயரின் நடையில் வேகம் உண்டு. வட்டத்தின் சமுதாயக் கவலை இல்லை. ரூத் பார்கன் மார்கஸ் 1946இலேயே இயன்மை, இன்றியமையாமை பற்றிய தருக்கவியலை வகுத்து, 1961இல் இயற்பெயர்கள் விளக்கம் சுமவாத வெறும் அடையாளங்களே என்று வாதிட்டார். இக்கருத்து சால் கிரிப்கியின் 1970ஆம் ஆண்டு உரைகளின் வழியே புகழ்பெற்றது. 1990களில் இது குறித்து எழுந்த பூசலில் கிரிப்கிமீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு வரம்பு கடந்தது. ஆனால் மார்கஸின் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்பில் தங்கியது என்பதில் மிகை ஏதுமில்லை.

ஒரு தடையும் விடையும்

இவ்வளவும் உண்மையாகவே இருப்பினும் என்ன? ஒரு கருத்து எங்குப் பிறந்தது, யார் பரப்பினார், யார் அஞ்சினார் என்பவற்றால் அக்கருத்தின் மெய்ம்மையோ பொய்ம்மையோ மாறாதே எனத் தடை எழுப்புவர். தோற்றத்தைக் கொண்டு தகுதியை அளப்பது போலி என்பது அளவையியலின் தொடக்கப் பாடம் என்றும் கூறுவர். இத்தடை மதிக்கத்தக்கது, பாதி சரியும்கூட. டம்மெட் ஃபிரேகே பற்றிய தம் 1973ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில், தாம் பல்லாண்டு போற்றிய அவ்வறிஞரின் நாட்குறிப்பில் யூத வெறுப்பைக் கண்டு அதிர்ந்ததை எழுதினார். நிறவெறிக்கு எதிரான பணிகளுக்காக இந்நூலையே சில ஆண்டுகள் ஒத்திவைத்தவர் அவர். ஆயினும் ஃபிரேகேயின் தருக்கவியலை அவர் கைவிடவில்லை, கைவிட்டிருக்கவும் கூடாது.

ஆனால் தடை எழுப்புவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 'ரசலின் ஆய்வு சரி' என்பது மெய்யியல் கூற்று. 'ரசலின் ஆய்வு சரியானதாக இருந்தமையால்தான் இம்மரபு வென்றது' என்பது வரலாற்றுக் கூற்று. முன்னதற்குத் தருக்கச் சான்று போதும். பின்னதற்கு ஆவணச் சான்று வேண்டும். பதவி நிரப்பப்பட்ட ஆண்டும், இதழாசிரியரின் கடிதமும், கப்பல் புறப்பட்ட தேதியும் அங்கே பொருத்தமற்றவை ஆகா. வரலாறு மெய்யியலுக்குத் தேவையில்லை என்று கூறிக்கொண்டே வரலாற்றுக் கூற்று ஒன்றைச் சான்றின்றி உரைப்பவரே அளவையியல் பிழை செய்கிறார்.

இவ்விடத்தில் எதிர்ப்புறத்துப் பிழையையும் சுட்ட வேண்டும். தமிழாய்வில் அது அரிதன்று. எல்லாச் சொல்லும் பொருள் குறித்து வருவன என்று தொல்காப்பியம் விதித்துவிட்டதனால் ஃபிரேகேயும் விட்கென்ஸ்டைனும் கண்டதைத் தமிழர் முன்னரே கண்டனர் என எழுதுவது ஆய்வாகாது. அது கேம்பிரிட்ஜ் கதையின் தமிழ் வடிவம். தனக்குமுன் எவரும் இல்லை என்னும் அதே வேட்கை. சேனாவரையரின் சொல்லாராய்ச்சி பெருமை பெறுவதற்கு யேனாவின் சான்றிதழ் தேவையில்லை. இரண்டு மரபுகளும் எவ்வினாவை எதற்காக எழுப்பின என்று வரிவரியாகப் படித்தபின்னரே ஒப்புமை பேச வேண்டும்.

அத்தகைய படிப்புக்கு இந்தியாவில் முன்மாதிரி உண்டு. குவைனின் கட்டுரை வெளிவந்த அதே 1951இல், அதே ஹார்வர்டிலிருந்து, டேனியல் இங்கால்ஸ் நவ்வியநியாய அளவையியல் பற்றிய தம் நூலை வெளியிட்டார். வடமொழி அளவை நூல்களைப் புதிய குறியீட்டுத் தருக்கவியலின் துணைகொண்டு விளக்க முடியும் என்பது அதில் புலப்பட்டது. வங்கத்துப் பிமல் கிருஷ்ண மதிலால் பண்டித மரபில் நியாயம் கற்று, பின் ஹார்வர்டில் இங்கால்சிடம் ஆய்வு செய்து, குவைனிடமும் பாடங்கேட்டார். இன்மையை இந்திய அளவையியலார் எவ்வாறு ஆராய்ந்தனர் என்னும் அவருடைய 1968ஆம் ஆண்டு நூலும், புலன்காட்சி பற்றிய 1986ஆம் ஆண்டு நூலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பகுப்பாய்வு மெய்யியல் அன்றி வேறென்ன? ரசலோடும் குவைனோடும் கங்கேசரும் உதயணரும் அவற்றில் நேருக்குநேர் வாதிடுகின்றனர். 1976 முதல் 1991இல் மறையும்வரை மதிலால் ஆக்ஸ்போர்டில், ரைலும் அயரும் கற்பித்த அதே பல்கலைக்கழகத்தில், பேராசிரியராக இருந்தார். ஆங்கிலோ-அமெரிக்க மெய்யியலின் வரலாறு எழுதுவோர் அவரை அம்மரபினராக எண்ணுவது அரிது. அவர் வகித்த பதவி, அயர் வெளிவந்த அதே 1936இல் இராதாகிருஷ்ணன் முதன்முதலாக அமர்ந்த ஸ்பால்டிங் இருக்கை. நியாய அளவையியலாருக்கு ஆக்ஸ்போர்டு வழங்கிய அவ்விருக்கையின் முழுப்பெயர் 'கீழைச் சமயங்களும் அறவியலும்'.